கன்னிமார் கொல்லை யாருடையது

சென்னை
12-7-1979

அக்காவுக்கும் மாமாவுக்கும் சடையப்பனின் வணக்கம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கடலை உருண்டை தாம்பரம் தாண்டுவதற்குள் காலி. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள், மழை இறங்கியதா, எல்லாம் எழுது.

பஸ் ஏறும்போது, “உன் படிப்பு பேரை ஒயுங்கா ஒரு தபா சொல்லிட்டுப் போ நைனா, கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது?” என்றாய். கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். இப்போது சொல்கிறேன், மனப்பாடம் செய்துகொள். பி.ஏ., சமூக அறிவியலும் பொதுக் கொள்கையும். மற்றவன் பொருளாதாரம் மட்டும் படிப்பான், இல்லை சரித்திரம் மட்டும் படிப்பான். நாங்கள் பொருளாதாரம், சரித்திரம், அரசியல், சமூகவியல் எல்லாம் சேர்த்துப் படிக்கிறோம். ஓர் ஊரில் ஏழைக்கு நிலம் இல்லை என்றால், ஏன் இல்லை, சட்டம் என்ன சொல்கிறது, அந்தச் சட்டம் ஊருக்குள் வந்ததும் என்ன ஆகிறது, சர்க்கார் என்ன செய்ய வேண்டும் என்று நாலு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பது எங்கள் வேலை. இந்தப் படிப்பில் நாங்கள்தான் முதல் செட். மாமா பிடிவாதமாகச் சேர்த்துவிடவில்லை என்றால் நான் இன்றைக்கு உத்திரமேரூரில் உரக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன்.

எங்கள் பேராசிரியை பத்மாசினி அம்மா காஞ்சிபுரத்துக்காரர். கோயில் குடும்பம். “உங்க ஊர்ப்பக்கத்துல தேர்தல் விதியையே கல்லுல வெட்டி வெச்சிருக்கா. இப்போ அங்க யார் சொன்னா நடக்கறதுன்னு பார்த்து எழுது” என்று சொல்லித்தான் கோடை லீவில் என்னை ஊருக்கே அனுப்பினார். நான் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்துவிட்டு, இது அச்சுக்குப் போகும் என்கிறார். கிணற்றடியில் மாமா பேசிய பேச்சுதான் அதில் பாதி. அவரிடம் சொல்லாதே, தலைகால் புரியாது.

பதிலை எதிர்பார்க்கும்,
சடையப்பன்


சிறுவேலம்பட்டு
26-7-1979

தம்பி சடையப்பனுக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் மாடு கன்றுகளும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்த்து டீயிலேயே வயிற்றை நிரப்பாதே.

கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “அப்போ ஊர் வம்பை இங்கிலீஷ்ல எழுதறதுக்கா மூணு வருஷம்?” என்றார். வாய்தான் அப்படி. மறுநாள் டீக்கடையில், “எங்க மச்சான் கவர்மெண்டுக்கே யோசனை சொல்லப் போறான், தெரியுமா” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அது பெரிய வீட்டு தாமோதரன் காதுக்கும் போயிருக்கிறது. ரேஷன் கடையிலிருந்து வரும்போது வண்டியை நிறுத்தினார். “இன்னாம்மே கோவிந்தம்மா, தம்பி கவர்மெண்டுக்கு யோசனை சொல்றானாமே? நம்ம ஊருக்கு எதுனா யோசனை வெச்சிக்கினு கீறானா?” என்று கேட்டார். “அவன் கெடக்கறான் சின்னப் பையன்” என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அந்த மனுஷன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பெரிய வீட்டுக் கன்னிமார் கொல்லையில் வேர்க்கடலை முளைத்துப் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. மாமாவுக்குப் பொழுது விடிந்தால் அங்கேதான். “ஊரான் கொல்லைக்கு இப்படி உழைக்கிறீங்களே, நம்ம கொல்லை ஒண்ணு இருந்தா இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். பல் குச்சியை ஒடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடிக் கூழுக்கு வரமுடியாது என்று தெரியும். உன் பங்கையும் சேர்த்து நானே குடிக்கிறேன்.

இப்படிக்கு அக்கா,
கோவிந்தம்மாள்


சென்னை
30-8-1979

அக்காவுக்கும் மாமாவுக்கும் அன்பும் வணக்கமும். நான் சுகம். சுகம் என்ன, தரையில் கால் பாவவில்லை!

கட்டுரையை ஒரு பெரிய கூட்டத்தில் வாசித்தேன். கோட்டையிலிருந்து நிலச் சீர்திருத்த அதிகாரி ஒருவர் வந்திருந்தார். முடிந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கி, “நாங்க பத்து வருஷமா தேடறதை நீ ஒரு லீவுல கண்டுபிடிச்சிட்டியே” என்று சொல்லிப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது கல்லூரிப் புத்தகத்தில் தமிழிலேயே அச்சாகிவிட்டது. உனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். நம் தலைமை ஆசிரியர் சாமுவேல் சாருக்கும் ஒன்று. எனக்கு எழுத்தறிவித்தவர் அல்லவா.

முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பார். ஒருத்தருக்கு இவ்வளவு நிலம்தான் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரிய நிலக்காரர்கள் மிச்ச நிலத்தைத் தங்கள் ஆட்கள் பேருக்கு எழுதி வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதி வாங்கிக்கொண்டவன் மனசு எப்படி இருக்கும் என்று யாரும் எழுதியதில்லை. நான் எழுதியிருக்கிறேன். மாமா என்னிடம் சொன்னது அப்படியே இருக்கிறது: “கன்னிமார் கொல்லை பட்டா என் பேர்லதான் கீது. அதுக்கு இன்னா? உரியவங்க அவங்க. பயிர் வெச்சு மூட்டையை அவங்க வூட்ல எறக்கிட்டு, குடுக்கறதை வாங்கிக்கறேன்.” சட்டப்படி சொந்தக்காரன், மனசுப்படி ஆள்காரன்! அதிகாரி இந்த இடத்தை இரண்டு முறை படித்தார். உனக்கு இது பழைய கதையாகத்தான் இருக்கும்.

பயப்பட வேண்டாம். பேர்களை எல்லாம் மாற்றிவிடுவது எங்கள் விதி. ஊர் பேர் இல்லை. மாமா பேர் ‘திரு. க.’, பெரிய வீட்டார் ‘திரு. ம.’. பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மகிழ்ச்சியுடன்,
சடையப்பன்


சிறுவேலம்பட்டு
15-9-1979

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பழைய கதை என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புதுக்கதை தம்பி. அந்தக் கொல்லை அவர் பேரில் இருப்பது எனக்குத் தெரியாது. எட்டு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் என்னிடம் சொல்லவில்லை. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “பெரிய வூட்டுக்காரரு சாமி முன்னால சத்தியம் வாங்கினாரு. பொண்டாட்டிகிட்ட கூட சொல்லாதன்னாரு. பையன்கிட்ட எப்படியோ வாய் தவறிட்டேன்” என்றார்.

பிரம்மாவால் கண்டுபிடிக்க முடியாது என்றாயே, அரை நாளில் ஊரே கண்டுபிடித்துவிட்டது. சாமுவேல் சார் பெருமையாக வாசகசாலையில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். கன்னிமார் கொல்லை என்ற வார்த்தை வந்ததும், “அட, நம்ம தாண்டவராயன்டா!” என்று மாமா பேரைச் சொல்லிக் கத்தினார்களாம். ஆள் பேரை மாற்றினாய், கொல்லைப் பேரை ஏன்டா மாற்றவில்லை? இந்த ஊரில் கொல்லைப் பேர் சொன்னால் உழுகிறவன் பாட்டன் பேர் வரைக்கும் சொல்வார்களே. இதுகூடவா அந்தப் படிப்பில் இல்லை?

நேற்றுப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து மாமாவை அழைத்துப் போனது. அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். திட்டினாரா என்று கேட்டேன். திட்டவில்லையாம். தாமோதரன் மோர் கொடுத்து, “ஆபீசர் வருவான். ‘நெலம் என்னுது’ன்னு சொல்லிடு. மத்ததெல்லாம் எப்பவும் போல” என்றாராம். மோரை மாமா குடிக்கவில்லையாம்.

எனக்கு ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சாயங்காலம் தனியாகப் போய் அந்தக் கொல்லையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். நம்முடையது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

இனிமேல் என்ன செய்யலாம், உன் டீச்சரம்மாவைக் கேட்டு எழுது.

அக்கா
கோவிந்தம்மாள்


சென்னை
21-9-1979

அக்கா, மாமா இருவருக்கும் வணக்கம். இங்கே நலம்.

கொல்லைப் பேர் விஷயம் என் தப்புதான். பட்டணத்தில் உட்கார்ந்து எழுதும்போது அது வெறும் பேராகத் தெரிந்தது. மன்னித்துவிடு. ஆனால் நடந்தது நல்லதற்குத்தான். நிதானமாகப் படி.

தாமோதரனே மாமாவை ‘என்னுது’ என்று சொல்லச் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு வழியில்லை. ‘அவருது’ என்று மாமா சொன்னால் நிலம் உச்சவரம்பில் சர்க்காருக்குப் போய்விடும். ஆகவே மாமா தாராளமாக ‘என்னுது’ என்றே சொல்லட்டும். அதிகாரி எழுதிக்கொண்டு போகட்டும். அதன் பிறகு வேர்க்கடலை மூட்டையைப் பெரிய வீட்டில் இறக்க வேண்டாம், நம் வீட்டில் இறக்குங்கள். அவ்வளவுதான்! அவர் என்ன செய்ய முடியும்? கோர்ட்டுக்குப் போக முடியாது. போனால், ‘பினாமியாக எழுதி வைத்தேன்’ என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். போலீசுக்குப் போக முடியாது. தாசில்தாரிடம் போக முடியாது. எந்தக் கதவைத் தட்டினாலும் அவர் கழுத்துக்குத்தான் கயிறு. இரண்டு நாள் யோசித்தேன் அக்கா, ஒரு ஓட்டை இல்லை. வகுப்பில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

பத்மாசினி அம்மா மட்டும் கை தட்டவில்லை. “எல்லாக் கதவையும் அடைச்சுட்டியேப்பா, அந்த மனுஷன் சும்மா உக்காந்துண்டு இருப்பாரா?” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், கொஞ்சம் பயந்த சுபாவம்.

சத்தியம் கித்தியம் என்று மாமா தயங்குவார். நீதான் தைரியம் சொல்ல வேண்டும். ஊரை ஏமாற்ற வாங்கிய சத்தியத்துக்கு எந்தச் சாமியும் சாட்சி நிற்காது.

உங்கள்
சடையப்பன்


சிறுவேலம்பட்டு
24-10-1979

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். இங்கே நானும் மாமாவும் இருக்கிறோம். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா?

நீ சொன்னபடி நடந்தது. ஆபீசர் ஜீப்பில் வந்தார். சாவடியில் ஊரே கூடி நின்றது. “இந்த நிலம் யாருடையது?” என்று கேட்டார். தாமோதரன் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, “என்னுதுங்க” என்றார். தாமோதரன் தலையை ஆட்டினார், பிள்ளை பாடம் ஒப்பித்ததும் வாத்தியார் ஆட்டுவது போல.

கடலை பிடுங்கி மூட்டை கட்டியதும் மாமா வண்டியைப் பெரிய வீட்டுப் பக்கம் ஓட்டப் பார்த்தார். “வேணாம்மே, பெரிய வூட்லயே எறக்கிடலாம். வயித்துக்கு இன்னா கொறைச்சல்?” என்றார். நான்தான் விடவில்லை. “எத்தினி நாளைக்குய்யா இன்னொருத்தன் வாசல்ல கைகட்டி நிப்ப? ஊர் முன்னாடி உன்னுதுன்னு சொன்ன வாயிதானே?” என்று சண்டை பிடித்து, வண்டியை நானே நம் வாசலுக்குத் திருப்பினேன். கூடம் நிறைய மூட்டை. அன்றைக்கு மாமா மூட்டைமேல் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமா, பயமா, எனக்குத் தெரியவில்லை.

பெரிய வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆள் வரவில்லை, சண்டை வரவில்லை. ஊரில் யாரும் நம்மோடு பேசவும் இல்லை. தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு சிட்டம்மாள் கூட கதவைச் சாத்திக்கொள்கிறாள். தீபாவளிக்கு மட்டும் பெரிய வீட்டிலிருந்து வருஷா வருஷம் வருவது போலவே தட்டில் அதிரசமும் வேட்டியும் வந்தது. “வேட்டி நல்ல வேட்டியா பார்த்து அனுப்பச் சொன்னாரு” என்று கொண்டுவந்தவன் சொன்னான். மாமா அதைப் பிரிக்கவே இல்லை.

உன் டீச்சரம்மாவை இன்னொரு தடவை கேட்டு எழுது.

அக்கா


சென்னை
28-11-1979

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா? புயல் மழையில் தபால் நின்றுவிட்டதா?

பத்மாசினி அம்மா தினமும் கேட்கிறார். “பெரிய வீட்டுக்காரர் அடங்கிப்போய்விட்டார், சட்டம் ஜெயித்துவிட்டது” என்றேன். அவர், “உங்க அக்கா கடுதாசி வந்துதா?” என்று அதையே திருப்பிக் கேட்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது.

மாமா சொல்லச் சொல்ல நீ எனக்கு நாலு வரி எழுது. நிலக்காரர் ஆனதும் மச்சானை மறந்துவிட்டாரா? டிசம்பர் லீவு விட்டதும் முதல் பஸ்ஸில் வருகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை. மாமாவும் நானும் கொல்லையில் வரப்பு போட்டு எல்லைக்கல் நட வேண்டும்.

உடனே பதில் போடு.

சடையப்பன்


சிறுவேலம்பட்டு
6-12-1979

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம்.

வீட்டில் அம்மை வார்த்திருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வெளி ஆள் யாரும் படி ஏறக்கூடாது. லீவுக்கு வராதே. வந்தால் அம்மனுக்குக் கோபம் வரும். விடுதியிலேயே இருந்து படி.

மூட்டை எல்லாம் மண்டிக்குப் போட்டாகிவிட்டது. மழை நன்றாகப் பெய்தது. கிணறு நிரம்பியிருக்கிறது.

நான் எழுதும் வரை வராதே. யார் வந்து கூப்பிட்டாலும் அவர்களோடு கிளம்பி வராதே.

அக்கா


சென்னை
8-1-1980

அக்காவுக்கும் மாமாவுக்கும் பொங்கல் வாழ்த்து. நான் சுகம்.

கார்த்திகை மழையில் அம்மையா! சித்திரை வெயிலில்தானே வரும்? மாமாவுக்கா, உனக்கா, அதைக்கூட எழுதவில்லை. மாமாவுக்கு என்றால் முகமெல்லாம் தழும்பு விழுந்து இன்னும் லட்சணமாக ஆகியிருப்பார். சொன்ன பேச்சைக் கேட்டு விடுதியிலேயே கிடந்தேன், போதுமா? யார் கூப்பிட்டாலும் வராதே என்று எழுதியிருந்தாய். என்னை யார் வந்து கூப்பிடப் போகிறார்கள்? அந்த வரியைப் படித்த நாளாக மனசு சரியில்லை.

வருஷா வருஷம் நம் அப்பா இருந்தபோது உனக்குச் செய்த பொங்கல் சீரை இந்த வருஷம் நான் செய்கிறேன். கல்லூரி நூலகத்தில் சாயங்கால வேலை பார்த்த சம்பளம். அரக்குச் சிவப்பில் புடவை, மஞ்சள், குங்குமம், வளையல். மாமாவுக்கு ஒரு துண்டு. பார்சலில் வருகிறது. பொங்கலன்று அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, மாமாவோடு நம் கொல்லையில் நின்று பொங்கல் வை. நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி
சடையப்பன்


சிறுவேலம்பட்டு
21-1-1980

தம்பிக்கு அக்கா எழுதுவது.

பார்சல் வந்தது. புடவை நல்ல நிறம். பெட்டியில் வைத்திருக்கிறேன். துண்டும் பத்திரமாக இருக்கிறது. குங்குமத்தைக் கன்னிமார் கோயிலில் கொடுத்துவிட்டேன்.

இப்போது வராதே. படி.

அக்கா


சென்னை
6-3-1980

அக்காவுக்கு. வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

இன்றைக்கு நிலச் சீர்திருத்த அதிகாரி கல்லூரிக்கு வந்தார். கன்னிமார் கொல்லை கைமாறிவிட்டதாம். தாமோதரன் வீட்டு மாட்டுக்காரன் பச்சமுத்து பேருக்குக் கிரயம் ஆகிவிட்டதாம். விற்றது யார் என்று கேட்டேன். கோவிந்தம்மாள் என்றார். நீ!

எவ்வளவு பாடுபட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன்! திரும்பவும் அவர் காலடியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாயே. என்ன ஆசை காட்டினார்? பச்சமுத்து யார் என்று உனக்குத் தெரியாதா? எட்டு வருஷத்துக்கு முன்பு மாமா நின்ற இடத்தில் இன்றைக்கு அவன் நிற்கிறான். உன்னை நான் இப்படி நினைக்கவில்லை அக்கா.

இவ்வளவும் கோபத்தில் கத்திவிட்டேன். பத்மாசினி அம்மா என்னைத் தனியாக அழைத்து ஒன்று கேட்டார். “பட்டா அவா அகத்துக்காரர் பேர்லதானேப்பா இருந்தது? அவர் இருக்கறச்சே உங்க அக்கா எப்படி விக்க முடியும்?” அப்போதே அறைக்கு ஓடி வந்துவிட்டேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்டோபருக்குப் பிறகு ஒன்றில்கூட மாமா இல்லை.

மாமா எங்கே?

இன்னும் பத்து நாளில் பதில் வராவிட்டால் கிளம்பி வந்துவிடுவேன். பரீட்சை நாசமாய்ப் போகட்டும்.

சடையப்பன்


சிறுவேலம்பட்டு
11-3-1980

தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ கிளம்பி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி. கூட யாரையாவது வைத்துக்கொள்.

உன் மாமா போய்விட்டார். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொல்லைக்குப் போனார். வரவில்லை. மறுநாள் காலையில் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். பின்மண்டை பிளந்திருந்தது. மழைக்குப் படி வழுக்கியிருக்கிறது, விழும்போது கல் பட்டிருக்கிறது என்றார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் கிணற்றில் குதித்து நீந்தினவர் தம்பி. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் படியில் இறங்குவார்.

தாமோதரன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். விறகு அவர் தோப்பு விறகு. என்னிடம் வந்து, “தம்பிக்குச் சொல்லணுமே. நம்ம பசங்க ரெண்டு பேரை மெட்ராசுக்கு அனுப்பறேன், கூடவே இட்டுக்கினு வந்துடுவாங்க” என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். எனக்கு அழுகை நின்றுவிட்டது. “வேணாங்க. அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல. அவன் வரமாட்டான்” என்றேன். அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை. அம்மை என்று பொய் எழுதினேன். அந்தத் தாய் என்னை மன்னிக்கட்டும்.

கருமாதி அன்றைக்கு எனக்குக் கோடி போடப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் இல்லை. “கூடப் பொறந்தவன் எட்டிக்கூடப் பாக்கலியே, படிச்ச திமிரு” என்று எல்லோரும் பேசினார்கள். சிட்டம்மாள்தான் தன் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்து என் மேல் போட்டாள். உன் பேரில் பழி விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். நீ உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்தது.

கோர்ட்டுக்கு அவர் போக முடியாது என்று எழுதினாயே. நீ எழுதினது சரிதான், அவர் போகவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். வேணாம் என்ற மனுஷனைப் பிடித்துத் தள்ளினவள் நான். வண்டியைத் திருப்பினவள் நான். அந்த ஒரு சாயங்காலம் கொல்லையைச் சுற்றி நடந்தேனே, அந்த ஆசை என்னை விடவில்லை.

மாசி மாதம் என்னை உத்திரமேரூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வண்டியில் அழைத்துப் போனார்கள். பச்சமுத்து ஒரு மூலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். நான் பேனாவைத் தொடவில்லை. என்ன ஆனாலும் கையெழுத்து இல்லை என்றுதான் போயிருந்தேன். அவரைக் கொன்ற நிலத்தை அவர்களுக்கே கொடுப்பேனா? தாமோதரன் கோபப்படவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “உன் தம்பிக்கு ஏப்ரல் ஏழாந்தேதி பரீட்சையாமே. மாடியில கோடி ரூம்ல தனியாத்தான் படிச்சிக்கினு கீறானாம். நல்ல புள்ள. லைட்டைக் கூட அணைக்க மாட்டானாம்.”

நீ எனக்குத் தேதியும் எழுதினதில்லை, ரூமும் எழுதினதில்லை.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. பரீட்சையை விடாமல் எழுது, அவர் ஆசைப்பட்ட படிப்பு அது. இன்றைக்கே ரூமை மாற்றிக்கொள். எந்த ரூம் என்று எனக்கும் எழுதாதே.

அக்கா